தேவியின் மாமா

பினாங்கில் நான் தங்கியிருந்த வீட்டுக்குச் சாவி கிடையாது. கதவில் எண்கள் ஒளிரும் ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது. எண்களை வரிசையாகத் தொட்டால் உள்ளே ஏதோ கிர்ரென்று சுழன்று கதவு திறந்துகொள்ளும். கரூரில் தெருமுனை போவதற்குள் வாசல் சாவி பையில் இருக்கிறதா என்று பலமுறை தொட்டுப் பார்க்கிற ஆள் நான். எண் மறந்துபோனால் என்ன செய்வது, கரண்ட் போனால் என்ன செய்வது, உள்ளே பேட்டரி தீர்ந்துபோனால் யாரைக் கூப்பிடுவது என்று என் மகள் நித்யாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அப்பா, ஆபரேஷன் எனக்கு. நீங்க எதுக்கு இப்படி வேர்த்து ஊத்தறீங்க?" என்றாள்.

வேர்வைக்குக் காரணம் பூட்டு இல்லை என்று அவளுக்கும் தெரியும். அவள் கழுத்தில் வலது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தைராய்டு. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. பாதி சுரப்பியை எடுத்துவிட்டு, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நித்யாவுக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தோழிகளோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறாள். அங்கே அப்பா வந்து தங்க முடியாது. அதனால் ஜார்ஜ் டவுனில், மருத்துவமனைக்கு நடந்தே போகிற தூரத்தில், நாள் வாடகைக்கு இந்த வீட்டைப் பிடித்திருந்தாள். என் மனைவி மல்லிகாதான் வந்திருக்க வேண்டும். அவளுடைய பாஸ்போர்ட்டில் பெயரின் எழுத்து தப்பாக அச்சாகி, திருத்தி வருவதற்கு நாளாகும் என்றார்கள். அதனால் வெந்நீர் வைப்பதைத் தாண்டி அடுப்பில் ஒன்றும் செய்யத் தெரியாத நான் வந்தேன்.

கட்டடம் பழையது. சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மழைக்கறை வழிந்த சுவர்களோடு நிற்கிறது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியையும் தாண்டும்போது ஒருமுறை உதறிக்கொள்ளும். நடைபாதையில் செருப்புகள், ஊதுபத்திக் கிண்ணங்கள், துணி காயும் கம்பிகள். அந்தக் கறுப்புச் சதுரத்தைத் தாண்டி உள்ளே போனால் வேறு உலகம். எல்லாம் வெள்ளை. சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்திருந்தார்கள். உயரமான ஸ்டூல்கள், பிளாஸ்டிக் செடி, தெருச் சுவரோவியம் ஒன்றின் புகைப்படம். இந்த வீட்டில் யாரும் இருமியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. துணி ஏற்றுமதி கம்பெனியில் காலம் தள்ளியவன் என்பதால் முதல் வேலையாகத் திரைச்சீலையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். கரூர் சரக்கு மாதிரியே இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியத்தை நித்யா உடனே கெடுத்தாள்.

"இன்னொண்ணுப்பா. பில்டிங்ல யாராவது கேட்டா நீங்க தேவியோட மாமான்னு சொல்லிடுங்க. ஊர்லருந்து வந்திருக்கேன்னு."

"யாரு தேவி?"

"வீட்டு ஓனர். கோலாலம்பூர்ல இருக்காங்க. இங்க நாள் வாடகைக்கு விடக்கூடாதுன்னு கமிட்டில ரூல் போட்டுட்டாங்களாம். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்."

பிடித்துக்கொண்டார்கள் என்றால்? ஆபரேஷன் முடிந்து தையலோடு வருகிறவளை வெளியே அனுப்பிவிட்டால்? நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி வேர்வையைப் பற்றிப் பேசுவாள்.

சாயங்காலம் இருவரும் நடந்தோம். காரோ பேருந்தோ தேவையில்லாத பேட்டை அது. கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைவழி நீண்டுகொண்டே போகிறது. மழை பெய்தாலும் தலை நனையாமல் தெரு முழுக்கப் போய்விடலாம். ஆனால் நடைவழியில் மோட்டார் சைக்கிளும் நிற்கிறது, இட்லிச் சட்டியும் நிற்கிறது, பணம் மாற்றுகிறவரின் நாற்காலியும் நிற்கிறது. சாக்கடை மூடியில்லாத இடங்களில் நித்யாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நாசி கண்டார் வாங்கினோம். தட்டில் சோற்றை வைத்துவிட்டுக் கடைக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "பஞ்சிராண்ணே?" என்றார். நான் விழித்தேன்.

"வெள்ளம்ணே. எல்லாக் கொழம்பும் ஊத்தி வெள்ளமா விட்டுருவேன்லா. சாப்டுப் பாருங்க."

மீன் குழம்பு, கோழிக் குழம்பு, இறால் குழம்பு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. ஊரில் ரசமும் குழம்பும் இலையில் கலந்துவிட்டால் மல்லிகா முகம் சுளிப்பாள். இங்கே கலந்தால்தான் சாப்பாடு. நித்யா ரசித்துச் சாப்பிட்டாள். விழுங்கும்போது அவள் கழுத்தில் அந்தக் கட்டி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு என் தட்டில் எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டின் இரும்பு கிரில்லுக்குப் பின்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். தலையில் முக்காடு, கையில் தேநீர்க் கோப்பை.

"யாரு தம்பி? புது ஆளா இருக்கு?"

மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்த பதில் தானாக வெளியே வந்தது. "தேவியோட மாமாங்க. ஊர்லருந்து."

அவர் கிரில்லைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"தேவி மாமாவா? கமலாவோட தம்பியா? ஊர்ல தம்பி மொறையில ஒருத்தர் இருக்காருன்னு சொல்லுவா. நீங்கதானா?"

தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

"கமலா எப்படி இருக்கா?"

தேவிக்கு அம்மா உண்டு என்பதும், அவர் பெயர் கமலா என்பதும், அவர் இந்த வீட்டில் வாழ்ந்தவர் என்பதும் அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் வேறு எங்கள் மாடியில் வந்து நின்றது. யாராவது இறங்கி, இன்னும் நாலு கேள்வி கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

"நல்லா இருக்காங்க," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்." கண்களைத் துடைத்துக்கொண்டார். "நடக்கறாளா?"

"கொஞ்சம் கொஞ்சம்."

"கஞ்சி குடிக்கறாளா? விழுந்ததுக்கப்புறம் ஒண்ணும் இறங்கலையே அவளுக்கு."

"குடிக்கறாங்க."

லிஃப்டில் யாரும் இல்லை. கதவு மூடிக்கொண்டு அது கீழே போய்விட்டது. நான் குப்பைப் பையோடு படிக்கட்டில் இறங்கினேன்.

திரும்பி வருவதற்குள் எங்கள் கதவருகே ஒரு தட்டு வந்திருந்தது. இடியாப்பம், தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை. எதிரிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பசியாறுங்க தம்பி. அந்தப் புள்ளையும் பசியாறட்டும்." காலை உணவுக்கு இங்கே பசியாறுதல் என்று பெயர். அவர் பெயர் ஜமீலா என்பதை நித்யாதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள், தன் ஆபரேஷனைப் பற்றியும் அவரிடம் சொன்னாள். நடந்ததில் பாதியை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "சரியான மாமாப்பா நீங்க," என்றாள். அன்று சாயங்காலம் அவளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்ததால் மீதிப் பாதியை நான் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை நாளன்று காலையில் நல்ல மழை. தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அவளைப் பார்த்துவிட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினேன். முந்தின நாள் நடந்த வழிதான், ஆனால் சாலையைக் கடக்கிற இடங்களில் முழங்கால் வரை தண்ணீர் அடித்தது. நகருக்குள் இலவசமாக ஓடுகிற பேருந்து ஒன்று வந்து நின்றதும் ஏறிவிட்டேன். கொம்தார் கோபுரம் ஊரில் எங்கிருந்தும் தெரியும். அதை நோக்கிப் போனால் சரியான வழி என்று நித்யா சொல்லியிருந்தாள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தபோது கோபுரம் பின்னால் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம் என்று நினைப்பதற்குள் கடல் வந்துவிட்டது.

"இது ஜெட்டிலாண்ணே. பஸ் இதோட நிக்கும்," என்றார் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண். அக்கரை பாகான் டாலாமிலிருந்து படகில் வந்து வேலைக்குப் போகிறவர். மருத்துவமனையின் பெயரைச் சொன்னதும், "அலமாக், அது அந்தப் பக்கம்," என்று தன் போனில் எனக்கு ஒரு கார் பிடித்துக்கொடுத்தார். மகளுக்கு ஆபரேஷன் என்று சொன்னேன். தன் குடையை மடித்து என் கையில் திணித்துவிட்டு நனைந்தபடியே ஓடினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது நித்யாவின் கட்டில் காலியாக இருந்தது. தலையணையில் அவள் தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. "அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே போனாங்க," என்று பக்கத்துக் கட்டில் பெண்மணி மலாய் கலந்த தமிழில் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன்தொட்டி. எதிரே ஒரு சீனக் குடும்பம் பிஸ்கட் பொட்டலத்தை ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் நீட்டினார்கள். எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். அது நமுத்துப்போய் உதிர ஆரம்பித்த நேரத்தில்தான் மருத்துவர் வெளியே வந்தார். சின்ன உருவம், சீனப் பெண்மணி. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

"நல்லபடியாக முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டோம். குரல் நரம்பு பத்திரமாக இருக்கிறது."

"அது... நல்ல கட்டிதானே, டாக்டர்?"

"தெரியாது. ரிப்போர்ட் வரட்டும். எனக்குத் தெரியாததை நான் உங்களிடம் சொல்ல மாட்டேன்."

கடுமையாகச் சொல்லவில்லை. என்றாலும் எனக்குக் கமலாவின் ஞாபகம் வந்து காது சுட்டது. நடக்கிறார், கஞ்சி குடிக்கிறார் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

மதியம் நித்யா கண் விழித்தாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. "அப்பா," என்றாள். தகரத்தை உரசினதுபோல் ஒரு குரல். குரல் வந்துவிட்டது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. "எங்க போனீங்க?" என்று கேட்டாள்.

"கடலப் பாக்கப் போயிட்டேன்டா," என்றேன். அவளால் சிரிக்க முடியவில்லை. கண்ணால் சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். ஜமீலா அக்கா தன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்.

"புள்ள கண்ணு முழிச்சுட்டாளா? அல்லாகிட்ட அவளுக்காக துஆ கேட்டுக்கிட்டே இருந்தேன்." பிறகு, தயங்கித் தயங்கி, "தம்பி, ஒரு உதவி. கமலாகூட ஒரு வார்த்தை பேசணும். தேவி என் போனை எடுக்கறதே இல்ல. நீங்க போட்டா எடுப்பாள்ல? போனை கமலா காதுல வச்சா போதும், நான் பேசிக்கறேன்," என்றார்.

"கேட்டுச் சொல்றேன்க்கா," என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஈரச் சட்டையை மாற்றாமலே, நித்யா கொடுத்திருந்த எண்ணில் தேவிக்குச் செய்தி அனுப்பினேன். 'எதிர்வீட்டு ஜமீலா அம்மா உங்கள் அம்மாவோடு பேச விரும்புகிறார். அம்மா எங்கே இருக்கிறார்கள்?' கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். இளம் பெண்ணின் குரல்.

"அங்கிள், அம்மா தவறிட்டாங்க. போன வருஷமே."

நான் அந்த உயரமான ஸ்டூலில் உட்காரப் பார்த்து, முடியாமல் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் நிறுத்தாமல் பேசினாள். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்த பிறகு கோலாலம்பூருக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அழைத்துப் போகாதே, இங்கேயே விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜமீலா அக்கா கெஞ்சியிருக்கிறார். தேவி கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவளால் பகலில் பார்த்துக்கொள்ள முடியாமல் ஒரு இல்லத்தில் விட்டிருக்கிறாள். அங்கே சில மாதங்கள்தான்.

"ஆன்ட்டி மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது அங்கிள்? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நாளு ஓடிருச்சு. அப்புறம் போனே எடுக்க முடியல. நீங்க சொல்லிடாதீங்க, ப்ளீஸ். நானே வந்து சொல்லிடறேன்."

"எப்பம்மா வருவீங்க?"

"நீங்க கெளம்பறவரைக்கும் சொல்ல வேணாம் அங்கிள். அவங்க கமிட்டிகிட்ட ஏதாச்சும் சொல்லிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம். தங்கச்சிக்கு ரெஸ்ட் வேணும்ல?" என்றாள்.

மிரட்டவில்லை, பயத்தில் சொன்னாள். ஆனால் என் பயமும் அதோடு சேர்ந்துகொண்டது. சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு நல்லதாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது, என் மகள்.

நித்யா வீட்டுக்கு வந்த நாளில், நான் இண்டக்‌ஷன் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தேன். பாத்திரம் வைத்தால் கீச்சென்று கத்தியது, எடுத்தாலும் கத்தியது. கதவு தட்டும் சத்தம். ஜமீலா அக்கா, கையில் மூடிபோட்ட பாத்திரம். விரால் மீன் சூப். அறுத்த புண் ஆறுவதற்கு இங்கே எல்லாரும் அதைத்தான் கொடுப்பார்களாம்.

உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடித்த சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். கையை நீட்டி, காற்றில் எதையோ தடவுவதுபோல் தடவினார்.

"சுவத்தக் காணோமே. இங்கதான அவ நின்னு சமைப்பா. நான் அங்க, என் அடுப்படியில. ரெண்டு கதவும் தொறந்தே கிடக்கும். இங்கேருந்து கேப்பா, ஜமீலா, உப்பு போட்டியான்னு." பிறகு தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். "நல்லாத்தான் கட்டியிருக்கா தேவி. வெளிச்சமா இருக்கு."

நித்யாவுக்கு முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக்கொடுத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினார். விழுங்கும்போது அவள் முகம் கோணினால் நிறுத்தினார். "மெதுவா, மெதுவா. அவசரம் இல்ல." ஊட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தேவிகிட்டக் கேட்டீங்களா தம்பி?"

"லைன் கிடைக்கலைங்க," என்றேன்.

நித்யா என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், நான் பொய் சொல்லும்போது கண்டுபிடித்துவிடுவாள். ஜமீலா அக்கா போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, அந்த உரசல் குரலில் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பேசக் கஷ்டப்பட்டதால் அவள் போனை எடுத்து எழுதிக் காட்டுவாள் என்று நினைத்தேன். எழுதவில்லை. வலியோடு வாயாலேயே கேட்டாள்.

"என் ரிசல்ட் வந்து... அது கெட்டதா இருந்தா... எங்கிட்ட சொல்லுவீங்களாப்பா?"

மருத்துவமனையில் என் எண்ணையும் கொடுத்திருந்தோம். ரிப்போர்ட் வந்தால் முதலில் என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். 'சொல்லுவேன்' என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அதையும் பார்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

செருப்பைக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போனேன். ஜமீலா அக்கா தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கிரில் திறந்திருந்தது. நான் உள்ளே போகவில்லை.

"அக்கா, நான் தேவியோட மாமா இல்லீங்க. வாடகைக்கு வந்தவன். அப்படிச் சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்."

கிள்ளிய கை நின்றது. அவருக்குச் சின்னதாக ஒரு சிரிப்புக்கூட வந்தது, யாரோ விளையாடுகிறார்கள் என்பதுபோல். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"அப்ப கமலா?"

"தவறிட்டாங்கக்கா. போன வருஷம். தேவியே இப்பத்தான் எங்கிட்ட சொல்லுச்சு."

அவர் மறுபடியும் குனிந்து ஒரு மீனை எடுத்தார். தலையைக் கிள்ளினார். இன்னொன்று. இன்னொன்று. கிள்ளிய தலைகளும் உடல்களும் ஒரே குவியலில் விழுந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நடக்கறான்னு சொன்ன," என்றார். அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "கஞ்சி குடிக்கறான்னு சொன்ன. நான் கேக்கக் கேக்க சொன்ன."

"தப்புங்கக்கா."

"நான் என் மவளுக்கு, மருமவனுக்கு, கீழ காவலுக்கு இருக்கற ஜாகாவுக்கு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். கமலா நடக்கறான்னு."

நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து கிரில்லைச் சாத்தினார். பிறகு உள்கதவையும் சாத்தினார். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் முழுக்க லிஃப்ட் உதறுகிற சத்தம் கேட்டபோதெல்லாம் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கமிட்டி ஆட்கள் வருகிறார்கள், இதோ கதவைத் தட்டப்போகிறார்கள் என்று. நித்யாவின் பெட்டியைக்கூடத் தயாராக மூடி வைத்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. நடைபாதையில் எந்தக் காலடியும் எங்கள் வாசலில் நிற்கவில்லை. சூப் வரவில்லை. கீழே போய்க் கஞ்சி வாங்கி வந்தேன். சீனர் கடைக் கஞ்சி, இஞ்சி போட்டது. நித்யா பாதி குடித்தாள். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தரும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள்.

அதற்கும் மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. பயந்த மாதிரியே பலமாகத்தான் தட்டினார்கள். திறந்தேன். ஜமீலா அக்கா நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது. கையில் சூப் பாத்திரம். அதை என்னிடம் தராமல் நேராக நித்யாவிடம் கொண்டுபோய் வைத்தார்.

"தேவிக்குப் போன் போடுங்க," என்றார் என்னைப் பார்க்காமல்.

போட்டு, அவர் கையில் கொடுத்தேன். எங்களுக்கும் கேட்டது.

"அங்கிள், தண்ணி வரலையா?" என்றாள் தேவி.

ஜமீலா அக்கா திட்டுவதற்குத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். தாடை இறுகியிருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "பசியாறிட்டியா தேவி?" என்றார்.

அந்தப் பக்கம் வெடித்த அழுகையில் போன் அதிர்ந்தது. ஜமீலா அக்கா அந்தப் புதிய வழவழப்பான தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கே அடக்கம், இல்லை எரித்தீர்களா, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சேலை கட்டினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சில பதில்களுக்கு அவருக்குக் கோபம் வந்தது. "அந்தச் சேலையா? அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதே அது," என்று சத்தம் போட்டார். நானும் நித்யாவும் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டோம். கீழே தெருவில் ஒருவர் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பார்க்கவில்லை.

போனைத் திருப்பித் தரும்போது, "சனிக்கிழமை வர்றாளாம்," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை. நித்யாவுக்குச் சூப் மட்டும் தினமும் வந்தது.

தேவி சொன்ன நாளில் வந்தாள். நான் நினைத்துவைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். எங்கள் கதவைத் தட்டாமல் எதிர்வீட்டுக்குள் போனாள். அந்தக் கதவு அன்று மத்தியானம் முழுக்கச் சாத்தியே இருந்தது. உள்ளே அழுகையும் கேட்டது, சண்டையும் கேட்டது, சாயங்காலம் மீன் பொரிக்கிற வாசனையும் வந்தது. அவள் ஊருக்குக் கிளம்பும் முன் எங்கள் வாசலில் நின்று, "தேங்க்ஸ் அங்கிள்," என்றாள். "கமிட்டில சொல்லிட்டேன். நீங்க போன பிறகு யாருக்கும் விடப்போறதில்ல." நன்றி வாங்கிக்கொள்கிற நிலையில் நான் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ரிப்போர்ட்டுக்காக மருத்துவமனைக்குப் போன காலையில் மழை இல்லை. நித்யா நடந்தே வருகிறேன் என்றாள். நடைவழியின் நிழலிலேயே மெதுவாகப் போனோம். ஒரு கடையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கடையில் ரொட்டி வீசுகிற சத்தம். பணம் மாற்றுகிற கடைக்காரர் நித்யாவின் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டார்.

மருத்துவர் காகிதத்தைப் படித்துவிட்டு நித்யாவைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்த்து இல்லை.

"புற்றுநோய்தான். ஆனால் மிகச் சின்னது. முழுக்க உள்ளேயே இருந்தது, முழுவதும் எடுத்துவிட்டோம். வேறு எங்கும் பரவின அறிகுறி இல்லை. இப்போதைக்கு வேறு சிகிச்சை வேண்டாம். ஒழுங்காகப் பரிசோதனைக்கு வர வேண்டும். இந்த வகையில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்."

இதை எழுதும்போது நித்யா பாயான் லெப்பாஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கழுத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. பரிசோதனைகளில் இதுவரை குறை ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த அறையில் எனக்கு முதல் சொல்லைத் தாண்டி எதுவும் காதில் ஏறவில்லை. நித்யாதான் கேள்விகள் கேட்டாள். நிதானமாக, ஒவ்வொன்றாக. குரல் பாதி திரும்பியிருந்தது.

வெளியே வந்து மரத்தடியில் ஒரு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தோம். அவள் அழுதாள். நானும் அழுதேன். எதிரே ஒரு பையன் இளநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு வாங்கி வரச் சொன்னாள். குடித்து முடிப்பதற்குள் என் போன் அடித்தது. மல்லிகா.

"நான் பேசட்டுமா?" என்றாள் நித்யா.

"வேண்டாம்," என்றேன்.

"என்னங்க, ரிப்போர்ட் வந்துடுச்சா?" கரூரில் எங்கள் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களா? ஏங்க, பேசுங்க. ஒண்ணும் இல்லைதானே?"

நித்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிக்ஸிய நிறுத்திட்டு வந்து உக்காரு மல்லிகா," என்றேன். "டாக்டர் சொன்னத அப்படியே சொல்றேன்."